டாக்டர் ஓட்டிய வண்டி

பழைய கார் விற்கும் தரகர்களின் வாக்கை அப்படியே நம்புவதானால், நம் தேசத்து டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்க நேரமின்றி, கார்களை வாங்குவதும், அவற்றை மெதுவாக ஓட்டுவதும், கீறல் விழாமல் மறுபடி விற்பதுமாகவே ஆயுளைக் கழிக்கிறார்கள் என்ற முடிவுக்குத்தான் வரவேண்டும். சந்தைக்கு வருகிற ஒவ்வொரு வண்டியும் ஒரு டாக்டர் ஓட்டியது. அவரும் சிங்கிள் ஓனர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு என்பதைத் தவிர வேறு மார்க்கம் அறியாதவர். சாதாரண வண்டிகளைப் பொறுத்தவரை இந்தப் புராணத்தால் பெரிய ஹானி ஒன்றுமில்லை. ஆனால் டர்போ பூட்டிய ஒரு வண்டியின் முன்னே நின்றுகொண்டு, கியர் குமிழின் தோல் தேய்ந்து பளபளப்பதை உள்ளங்கையால் நாசூக்காக மறைத்தபடி, 'டாக்டர் நாப்பதைத் தாண்டுனதே இல்லைங்க' என்று ஒருவர் சத்தியம் செய்யும்போது, கேட்கிறவனுக்கு மூன்று சந்தேகங்கள் எழுகின்றன: டாக்டரைப் பற்றி ஒன்று, தரகரைப் பற்றி ஒன்று, அதையும் கேட்டுவிட்டுக் காசை எண்ணிக் கொடுக்கப்போகும் தன்னைப் பற்றி ஒன்று.

நான் வாங்கியது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2004-ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ரகம், 1,781 சி.சி., நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்தாக 20 வால்வு, 150 குதிரைச் சக்தி. இந்த வயதில் உமக்கு இது எதற்கு என்று கேட்கிற சிநேகிதர்களுக்கு நான் சொல்லும் சமாதானம், நான் கோயம்புத்தூர்க்காரன் என்பதுதான். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் கார் கட்டிக் காட்டிய கரிவரதன் வாழ்ந்த ஊர் இது. அவர் பெயரால் செட்டிப்பாளையத்தில் பந்தயத் தளமே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இவ்வூர்க்காரரே. இத்தகைய க்ஷேத்திரத்தில் பிறந்துவிட்டு ஆயுள் முழுவதும் மைலேஜைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது ஊருக்குச் செய்கிற துரோகம் என்று எனக்குத் தோன்றியது. சிநேகிதர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

வேகமான வண்டி வாங்கியவன் அதை முதலில் எங்கே ஓட்டிப் போவான்? ஊட்டிக்கு என்பார்கள், சேலம் நெடுஞ்சாலைக்கு என்பார்கள். விஷயம் தெரிந்தவன் பட்டறைக்கு ஓட்டிப் போவான். அதைவிட விஷயம் தெரிந்தவன் ஓட்டாமல், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவான்; அதன் காரணம் பின்னால் வரும்.

கணபதிப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் என் மெக்கானிக், பேச்சில் சிக்கனமும் பில்லில் தாராளமும் உடையவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பெயிண்டையோ சீட்டையோ கண்ணெடுத்தும் பாராமல், பானெட்டைத் தூக்கி ஆயில் கேஜை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு உருவினார், நுனியில் தொங்கிய சொட்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, முகர்ந்து, பையிலிருந்த பனியன் வேஸ்டில் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். கேம் ஷாஃப்டின் மேடுபள்ளங்களைச் சுற்றி, கரைத்து மறந்துபோன பழம்புளி பாத்திரத்தின் அடியில் இறுகிக் கிடக்குமே, அந்த நிறத்திலும் அந்தப் பதத்திலும் ஒரு கசடு படிந்திருந்தது.

'ஆயில் எப்பங்க மாத்துனது?'

'டாக்டர் எல்லாம் ஒழுங்காக மாற்றியிருக்கிறாராம்.'

'பில்லு இருக்குதுங்களா?'

'இல்லை.'

'அப்ப மாத்தலைங்க.'

கோர்ட்டில் குற்றம் ருசுவாகும்வரை எதிரி நிரபராதி. பட்டறையிலோ, ரசீது காட்டும்வரை முந்தைய சொந்தக்காரர் குற்றவாளி. பழைய கார் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு நியாயத்தின்மீதே நிற்கிறது. எது எப்போது மாற்றப்பட்டது என்று தெரியவில்லையோ, அது எப்போதுமே மாற்றப்படவில்லை என்று கொண்டு, எண்ணெயிலிருந்து பெல்ட்வரை புதிதாக ஆரம்பிக்கவேண்டும். அன்றைய கிலோமீட்டரே வண்டியின் ஜனன ஜாதகம்.

இந்த இடத்தில்தான் நான் எதிர்பாராத ஒரு திருப்பம் நேர்ந்தது. தரகர் பொய் சொல்லியிருக்கிறார், யாரோ வாலிபன் வண்டியை விரட்டு விரட்டென்று விரட்டியதால்தான் இப்படி ஆகியிருக்கிறது என்று நான் ஆத்திரப்பட்டபோது, மெக்கானிக் தலையை ஆட்டினார். 'விரட்டுனா இப்படி ஆகாதுங்க. ரெண்டு கிலோமீட்டர் ஓட்டறது, நிறுத்தறது, மறுபடி ரெண்டு கிலோமீட்டர். அப்படி ஓட்டுனாத்தானுங்க ஆகும். டாக்டர் வண்டியேதான்.' எஞ்சினுக்குள் எரியாத பெட்ரோலும் ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் கலந்துகொண்டே இருக்கின்றன; நெடுந்தூரம் ஓடி எண்ணெய் நன்றாகச் சூடேறினால் அவை ஆவியாகிப் போய்விடும்; சூடேறுவதற்குள் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் அங்கேயே தங்கிக் கெட்டிப்படும். ஆக, தரகர் சொன்னது அத்தனையும் சத்தியம். அந்தச் சத்தியம்தான் வண்டியின் வியாதி. வாங்குகிறவனின் மனம் குளிரும்படி சொல்லப்படுகிற அந்த 'வீடு, ஆஸ்பத்திரி, வீடு' என்ற மூன்று சொற்களைக் கேட்டவுடன், விஷயம் தெரிந்தவன் விலையில் பத்தாயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கசட்டைக் கரைக்கக் கடையில் மருந்து விற்கிறார்களே, ஒரு டப்பா ஊற்றிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். மொத்தமாகப் பெயர்ந்து வரும் கட்டி நேரே கீழே சம்ப்பில் இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயிலுள்ள சல்லடையை அடைத்துவிடுமாம். அடைத்தால் எண்ணெய் மேலேறாது. ஆகவே சம்ப்பையே கழற்றிச் சல்லடையைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, புது எண்ணெய் ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் புது எண்ணெயையும் வடித்து எறிந்துவிட்டு மறுபடி ஊற்றுவது என்று தீர்மானமாயிற்று. நல்லெண்ணெய் விலைக்குமேல் விற்கிற திரவியத்தை இப்படி ஊற்றி ஊற்றிக் கொட்டுவதைக் கண்டு மனம் பதைத்தாலும், புது எண்ணெயிலேயே அழுக்கைக் கரைக்கும் சரக்கு இருப்பதால் அவசரமில்லாமல் அதுவே வேலையைச் செய்யும் என்பது நியாயமாகவே பட்டது. எண்ணெய் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் டப்பாவின் முன்பக்கத்தில் பந்தயக் கார் படம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்; பார்க்கவேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் எண்களை. இந்த எஞ்சினுக்கு 5டபிள்யூ-40, கூடவே ஃபோக்ஸ்வாகன் 502 00 என்ற தரம். 40 என்பது எண்ணெய் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதன் குறி. 5 என்பது குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதன் குறி. நம் ஊரில் குளிர் ஏது என்று கேட்கலாம்; 100 டிகிரியில் வேலை செய்கிற வஸ்துவுக்குச் சித்திரை மாதத்துக் காலைநேரமும் குளிர்தான்.

எண்ணெய் விஷயத்தில் இவ்வளவு ஆசாரம் எதற்கென்றால், டர்போவுக்காக. வெளியே போகும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கலாம் என்று யோசித்து 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூஹி என்னும் எஞ்சினியர். பஞ்சாலையின் கழிவுப் பஞ்சையும் எடைபோட்டு விற்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிட உவப்பான யோசனை இருக்க முடியாது. ஆனால் அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுற்றுகிறது. ஒரு பக்கத்தில் 900 டிகிரிவரை கொதிக்கும் புகை. இரண்டுக்கும் நடுவில் அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. விரட்டி வந்தவுடனே சாவியைத் திருப்பி அணைத்தால் எண்ணெயின் ஓட்டம் நின்றுபோய், நின்ற இடத்திலேயே கருகிக் கரியாகிறது. அதனால் வந்து சேர்ந்ததும் ஓரிரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருக்கவேண்டும். தினமும் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் என்னைக் கண்டு, எதிர்வீட்டுக்காரர் எங்கள் குடும்பத்தில் ஏதோ மனஸ்தாபம் என்று முடிவு கட்டிவிட்டார்.

டர்போ வைத்த கார்களில் சொந்தக்காரர்களின் அசிரத்தை ஒன்றும் புதிதல்ல. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற கார் வந்தது. பொதுஜனங்களுக்கென்று விற்கப்பட்ட முதல் டர்போ கார்களில் அது ஒன்று. அதற்குப் பெட்ரோலோடுகூட, தண்ணீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனிப் புட்டியில் நிரப்பிவரவேண்டும். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். டர்போவின் பலம் தானாகவே அடங்கியது. வண்டி இழுக்கவில்லை என்று புகார் சொன்னார்கள். கடைசியில் கம்பெனி டர்போவையே கழற்றிச் சாதாரண கார்புரேட்டரைப் பூட்டிக் கொடுக்கவேண்டியதாயிற்று. புட்டியில் தண்ணீர் ஊற்றுவதைவிட டர்போவைக் கழற்றுவதே சுலபம் என்று தீர்மானித்த அந்த மகாஜனங்களுடைய வம்சம் நம் தேசத்திலும் தழைத்திருக்கிறது.

இனி, கயிறு கட்டி இழுப்பதற்குக் காரணம். கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே கேம் ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். இரண்டையும் இந்த விகிதம் பிசகாமல் பிணைத்து வைத்திருப்பது பல்வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று. வால்வுகள் இறங்கிவரும் இடத்துக்கே பிஸ்டன்களும் ஏறிவருகின்றன. வேறு வேறு கணங்களில் வருகின்றன என்பதால் மட்டுமே சண்டை இல்லை. பெல்ட் அறுந்தால் அந்த ஏற்பாடும் அறுந்தது. பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும், இந்த எஞ்சினிலோ வளைவதற்கு 20 இருக்கின்றன. இந்த அபாயத்துக்கு முன்னறிவிப்பு கிடையாது. சத்தம் வராது, விளக்கு எரியாது, பிக்கப் குறையாது. ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயதாகிறது. ஆகையால் கிலோமீட்டர் குறைவு என்று தரகர் பெருமை பேசுவது பெல்ட்டைப் பொறுத்தமட்டில் செல்லாது. மெக்கானிக் மேல் கவரைக் கழற்றி, பெல்ட்டின் முதுகை விரலால் வளைத்துக் காட்டினார். தலைமுடி அகலத்தில் குறுக்காக வெடிப்புகள், பல்லுக்குப் பல். இந்த வண்டியில் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால், பம்ப், டென்ஷனர், ரோலர் எல்லாவற்றையும் கூடவே மாற்றுவதுதான் விவேகம். பம்ப் மட்டும் ஆறு மாதம் கழித்துக் கசிந்தால், இதே கூலியை மறுபடி முதலிலிருந்து கொடுக்கவேண்டும்.

பெல்ட் மாற்றுவதை அருகிலிருந்து பார்த்தேன். கழற்றும் முன்பே பல்சக்கரங்களில் வெள்ளைப் பெயிண்டால் புள்ளி வைத்தார்கள். புது பெல்ட்டைப் பூட்டியதும் சாவியைத் தொடவில்லை. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, கையாலேயே இரண்டு முழுச் சுற்று மெள்ளத் திருப்பி, எங்காவது இடிக்கிறதா என்று பார்த்தார் மெக்கானிக். அந்த இரண்டு சுற்றும் முடிகிறவரை பட்டறைப் பையன் ரேடியோவை நிறுத்தி வைத்திருந்தான். புள்ளிகள் பழையபடி நேருக்கு நேர் வந்து நின்ற பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டோம், டீயும் சொன்னோம்.

கூலன்ட் விஷயத்தில் ஊர்ப் பெருமை குறுக்கே வந்தது. சிறு தொட்டியிலிருந்து வடித்த நீரில் நிறமே இல்லாததைக் கண்டு தரகருக்குப் போன் செய்து கேட்டேன். 'சுத்தமான சிறுவாணித் தண்ணிங்க சார்' என்று அவர் கம்பீரமாகச் சொன்னார். சிறுவாணித் தண்ணீரின் ருசிக்கு ஈடில்லை என்பதில் எனக்கும் ஆட்சேபணை கிடையாது. ஆனால் எஞ்சின் அதைக் குடித்து ருசி பார்ப்பதில்லை. வெறும் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், உப்பைப் படியவிடும். துருவையும் கொதியையும் தடுக்கிற கூலன்ட்டைக் கனிமம் நீக்கிய நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதே முறை. சூடான எஞ்சினில் தொட்டி மூடியைத் திறக்கக்கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஒரு தடவை திறந்தவரின் முழங்கையைப் பார்த்தால் போதும்.

மற்றவை சில்லறை. பிளக்குகளை எஞ்சின் ஆறியபின்தான் கழற்றவேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் இரண்டும் புதிது. இற்றுப்போன வேக்குவம் குழாய்கள் புதிது. டர்போ திணிக்கும் காற்று எங்கே கசிகிறது என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தால் குமிழி சொல்லிவிடும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை எதிர்பாராத காலத்து வண்டியாகையால், பெட்ரோல் குழாய்களையும் மாற்றிக்கொள்வது நலம். கழற்றிய பழைய சாமான்கள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்துக் கொடுத்தார் மெக்கானிக். மாற்றியதற்கு அவையே சாட்சி.

'இத்தனை செலவு பண்ணிட்டீங்களே, இனி வேகமாப் போகலாமுங்களா?' என்று என் மனைவி கேட்டாள். போகலாம், போவதற்குத்தான் சந்தர்ப்பம் இல்லை. புறப்படும்போது எண்ணெய் சூடாகவில்லை என்று மெதுவாகப் போகவேண்டும். சேரும்போது டர்போ ஆறவேண்டும் என்று மெதுவாகப் போகவேண்டும். நடுவில் லட்சுமி மில்ஸ் சந்திப்பு இருக்கிறது. ஆகவே ஞாயிறுதோறும் விடிகாலையில், வேலை ஒன்றும் இல்லாமலே, பொள்ளாச்சிவரை போய்க் காபி சாப்பிட்டுவிட்டு வருகிறேன். கேட்பவர்களிடம் எண்ணெயைச் சூடேற்றப் போகிறேன் என்று சொல்கிறேன். அது முழுவதும் பொய்யல்ல.

கார் விற்கப்போகும் டாக்டர்களுக்கும், டாக்டரல்லாத மற்ற எல்லோருக்கும் ஒரே ஒரு விண்ணப்பம். வண்டியை மெதுவாக ஓட்டினீர்களா, வேகமாக ஓட்டினீர்களா என்பதை நீங்கள் சொல்லவேண்டாம். எண்ணெய் மாற்றிய ரசீதுகளை டாஷ்போர்டில் போட்டுவையுங்கள். பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டிவையுங்கள். வாங்குகிறவர் உங்களை வாழ்த்தாவிட்டாலும், வையாமலாவது இருப்பார்.