வால் நறுக்கும் சூப்பிரண்டு

மாநில அரசு ஆபீசுகளில் கோப்பெல்லாம் தமிழுக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. ஆகவே இந்த ரகத்து மனிதரை மத்திய அரசு ஆபீசுகளில்தான் தேட வேண்டும். சட்டைப்பையில் சிவப்புப் பேனா, இழுப்பறையில் முதுகு பிய்ந்த ரென் அண்ட் மார்ட்டின். கடிதத்தில் தேதி தப்பினால் மன்னிப்பார். ஆங்கில வினைச்சொல்லின் வாலில் ஒரு 'அப்' கூடிவிட்டால் மட்டும் மன்னிப்பே கிடையாது.

"கோப் வித்னு எழுதினா போதாதா? நடுவிலே யாருய்யா இந்த அப்பு? உன் மச்சானா?"

'ரிட்டர்ன் பேக்'கில் பேக் அடிபடும். 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர்' என்று முடிந்த கடிதம் 'ஹியரிங்' ஆகாமல் தபாலுக்குப் போனதில்லை. கையில் காபி இருந்தால் வரலாறும் உண்டு. "ஃப்ரேசல் வெர்ப்ங்கிற பேரே 1925லே லோகன் பியர்சால் ஸ்மித் எழுதின புஸ்தகத்தாலேதான் பரவுச்சு. பேரை எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஹென்றி பிராட்லி." கேட்பவர்களுக்கு ஸ்மித் மேலும் பிராட்லி மேலும் கோபம் கோபமாக வரும்.

புதிதாக வந்த பெண்ணின் பயோடேட்டாவில் '2019இல் பாஸ்டு அவுட்' என்று இருந்தது.

"ஏம்மா, மயக்கம் எப்போ தெளிஞ்சுது?"

"பரங்கிமலை ராணுவ அகாடமியிலே பாசிங் அவுட் பரேடுன்னுதானே சார் சொல்றாங்க? அங்கே எல்லாருமா மயங்கி விழறாங்க?"

"அது பட்டாளம். அவங்களுக்குச் செல்லும். நீ படிச்சது பி.காம்."

இவ்வளவு கறாரானவர் நாள் முழுக்க "ஃபைலை புட் அப் பண்ணு" என்பார். லண்டன்காரர் கேட்டால் ஆணியும் சுத்தியலும் தேடுவார். இவரிடம் சொன்னால், "அது ஆபீஸ் பாஷை, அதுக்கு இலக்கணம் கிடையாது" என்று பதில் வரும்.

அதே பெண் ஒருநாள், பல வருஷமாக மேஜை மேஜையாகச் சுற்றிவரும் பென்ஷன் பாக்கி விவகாரத்தை எடுத்தாள். பழைய கடிதங்களோடு சமர்ப்பிக்கலாம் என்று எழுத நினைத்தவள், பழைய கடிதங்களை விட்டுவிட்டு 'த ஃபைல் மே பி புட் அப் வித்' என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள். அதாவது, கோப்பைச் சகித்துக்கொள்ளலாம்.

சூப்பிரண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தார். இரண்டு தடவை படித்தார். கட்டின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, நீல மையில் இனிஷியல் போட்டு மேலே அனுப்பினார்.