வீட்டுக்காரருக்கு அனுமதி இல்லை

கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டத்து வீடு. மூலையில் பழைய கணினி, டிஸ்க் நிறையக் குடும்பத்துக் கல்யாண வீடியோக்கள். வீட்டுக் கணினியிலிருந்தே வீடியோ ஓட்டும் ஜெல்லிஃபின் மென்பொருள் போட்டாயிற்று, கூடத்து டிவியில் ஜோராக ஓடுகிறது. குப்பனூர் வழியாக மலையிறங்கி, சேலத்தில் மொபைலைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம் வீட்டுக்குள் நாமே நுழைய ஆசைப்படலாமா? என்ன திமிர்!

ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடு என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். திறந்து? நம் ஊர் இணைப்புகள் பெரும்பாலும் சிஜிநாட் என்ற முகவரிப் பகிர்வுக்குப் பின்னால் கிடப்பவை. ரௌட்டருக்குக் கிடைப்பது 100.64 என்று தொடங்கும் உள்ளூர் எண். வெளியுலகுக்குத் தெரியும் முகவரி நூற்றுக்கணக்கான வீடுகளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஊருக்கே ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் யார் வீட்டைத் தட்டுவார்?

ஏன் என்றால், முகவரிப் பஞ்சமாம். இணையத்தின் பழைய முறையான ஐபிவி4-ல் முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அமெரிக்காவின் எம்ஐடி என்ற ஒற்றைப் பல்கலைக்கழகத்திடம் மட்டும் 1.6 கோடிக்கு மேல் இருந்தன. அதில் 1.4 கோடியைத் தொடவே இல்லை என்று 2017-ல் அதுவே சொல்லி, 80 லட்சத்தை விற்கப் புறப்பட்டது. பந்தியில் முதலில் உட்கார்ந்தவர்கள் இலையோடு சேர்த்து விற்கிறார்கள். பஞ்சம் தீர்க்கும் ஐபிவி6-ஐ 1998-லேயே எழுதி வைத்தாயிற்று. இந்தியாவில் அது பரவியும் விட்டது. ஆனால் இணையக் கம்பெனி கொடுத்த ரௌட்டர் வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாது. அதன் பாஸ்வேர்டு பல வீடுகளில் வீட்டுக்காரரிடம் கிடையாது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் என்று அரசும் முழங்குகிறது. கம்பி வரும், சரி. முகவரி?

ஜெல்லிஃபின் போலவே வீட்டு வீடியோ ஓட்டும் பிளெக்ஸ் இன்னும் ஒரு படி மேல். உங்கள் டிஸ்க், உங்கள் வீடியோ, உங்கள் கரண்ட் பில். வெளியூரிலிருந்து பார்க்க மட்டும் 2025 ஏப்ரல் 29 முதல் அவர்களுக்குச் சந்தா!

வீட்டுக் கணினியையும் மொபைலையும் இணைத்துவைக்கும் டெயில்ஸ்கேல் போட்டால் வேலை நடக்கும். மலையும் அடிவாரமும் கைகுலுக்க டொராண்டோ கம்பெனி தரகு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் வேண்டாம், நிலையான ஐபி முகவரி கொடுங்கள் என்று இணையக் கம்பெனிக்குப் போன் செய்தால் பதில் தேன்போல வருகிறது: "அது பிசினஸ் கனெக்‌ஷன் சார். ஜிஎஸ்டி நம்பர் இருக்கா?"

கல்யாண வீடியோவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, குப்பனூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புங்கள். அவர் ஜிஎஸ்டி நம்பர் கேட்கமாட்டார்.