ஆளுக்கு நாற்பது நிமிஷம்

பகவான் பூமியைப் படைத்தபோது சமதளத்தை மிகவும் தாராளமாக வழங்கியிருக்கிறார் என்பதைத் தஞ்சாவூர் ஜில்லாவைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனால் கொல்லிமலைக்கு வந்து சேர்ந்த சமயத்தில் அவருடைய கையிருப்பு அநேகமாகத் தீர்ந்துபோயிருக்க வேண்டும். இருந்த கொஞ்சநஞ்சத்தையும் நெல்லும் கேழ்வரகும் சாமையும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய ஒரு சரிவிலேதான் எங்கள் பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். கிழக்குக் கோலில் நிற்பவன் மேற்குக் கோலில் நிற்பவனைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். குறி தவறிய பந்து காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி, மிளகுக் கொடி படர்ந்த ஏதாவது ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் போய் இளைப்பாறும். அதைத் தேடி இரண்டு பேர் போவார்கள். அவர்கள் திரும்பி வரும்போது பந்தோடு நாலு கொய்யாவும் வரும்.

இந்த மைதானத்துக்கு என்னைப் பயிற்சியாளனாக நியமித்தவர் எங்கள் ஊர்க்கவுண்டர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று மலைக்காற்றுக்காக வந்து குடியேறிய மனுஷனுக்கு வேறு வேலை என்ன இருந்துவிடப் போகிறது என்பது அவருடைய அனுமானம். கழுத்தில் விசில் மாட்டிக்கொள்ள எனக்கும் வாலிபத்திலிருந்தே ஓர் ஆசை உண்டு. மாட்டிக்கொண்ட அன்றைக்கே ஊரார் என்னை ‘வாத்தியாரே’ என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பையன்கள் பதினாறு பேர். களத்தில் இறங்கக்கூடியவர்களோ பதினோரு பேர். எஞ்சிய ஐந்து பேரை என்ன செய்வது என்பதில்தான், சாக்ஷாத் தருமபுத்திரரே வந்தாலும் தலையைச் சொறிந்துகொள்ளக்கூடிய சங்கடம் அடங்கியிருக்கிறது.

முற்காலத்துப் பயிற்சியாளர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆரம்பத்தில் இறங்கிய பதினோரு பேரும் கடைசி வரை ஆட வேண்டியது. ஒருவனுக்குக் கால் முறிந்தால் மற்றப் பத்துப் பேரும் சேர்ந்து அவனுக்காக மூச்சு வாங்க வேண்டியது. அவ்வளவுதான் அவர்கள் அறிந்த சாஸ்திரம். இங்கிலாந்தின் லீக் பந்தயங்களில் 1965-ல்தான் ஒரே ஒரு மாற்று ஆளை, அதுவும் காயம்பட்டவனுக்குப் பதிலாக மட்டும், அனுமதித்தார்கள். சீக்கிரத்திலேயே எந்தக் காரணத்துக்காகவும் மாற்றலாம் என்று விதியைத் தளர்த்திவிட்டார்கள். நன்றாக இருந்த கால்களெல்லாம் திடீர் திடீரென்று நொண்டத் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். உலகக் கோப்பையில் இந்தச் சலுகை 1970-ல் மெக்ஸிகோவில் வந்தது. அங்கே முதன்முதலாகப் பெஞ்சிலிருந்து எழுந்து களத்தில் இறங்கிய புண்ணியவான் சோவியத் அணியைச் சேர்ந்த அனத்தோலி பூஸாச். அதுவரைக்கும் பெஞ்சில் இருந்தவனுடைய தகப்பனாருக்கு வாதாட இடமே இருந்ததில்லை.

எங்கள் ஊரில் இந்த வாதம் வாயால் நடப்பதில்லை, பழங்களால் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எவன் உட்காரவைக்கப்பட்டான் என்பதைத் திங்கட்கிழமை காலையில் என் திண்ணையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பலாப்பழம் வந்திருந்தால், அவன் முழு ஆட்டமும் உட்கார்ந்தவன். அன்னாசி என்றால் பாதி ஆட்டம். ஒரு சீப்பு மலைவாழை என்றால், கடைசி ஐந்து நிமிஷத்துக்குத் தர்மத்துக்கு இறக்கப்பட்டவன். கோல்கீப்பரின் தகப்பனார் மட்டும் இதுநாள்வரை ஒரு எலுமிச்சங்காய்கூடக் கொடுத்ததில்லை. அந்த ஸ்தானத்துக்கு அவர் குமாரனைத் தவிர வேறு அபேக்ஷகர் கிடையாது.

பலாச்சுளை ஜீரணமாகாத ஓர் இரவில் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தேன். ஆட்டம் 60 நிமிஷம். கோல்கீப்பரை நீக்கினால் 10 இடங்கள். ஆக மொத்தம் 600 நிமிஷம். பங்காளிகள் 15 பேர். ஆளுக்கு 40 நிமிஷம், பின்னம்கூட விழவில்லை! ஆட்டத்தின் நடுவே ஏறுவதும் இறங்குவதுமாகப் பையன்களைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் போதும், ஒருவருக்கும் அநியாயம் இல்லை. சொத்துப் பாகப்பிரிவினை இத்தனை சுத்தமாக எந்தக் கோர்ட்டிலும் நடந்திராது என்ற பூரிப்போடு மறுநாளே அமலுக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பூரிப்பு அடுத்த ஞாயிறு வரை நீடித்தது.

“ஏனுங்க வாத்தியாரே,” என்றார் ஒரு தாயார். “எம் பையனுக்கு நாப்பது நிமிசம் குடுத்தீங்க, சரிங்க. அதுல முக்காவாசி மேட்டைப் பாத்து ஓடற நிமிசமாவே இருக்குதே! மத்த பசங்களுக்கெல்லாம் எறக்கத்து நிமிசம், எம் பையனுக்கு மட்டும் ஏத்தத்து நிமிசமா?”

ஆக்ஷேபணை முற்றிலும் நியாயமானது. ஏற்றத்தில் 20, இறக்கத்தில் 20 என்று பட்டியலைத் திருத்தி எழுதி, அதன் பிரதி ஒன்றையும் அந்த அம்மாளிடமே ஒப்படைத்தேன். அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஊர்க்கவுண்டருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. “நம்ம ஓரி ராசா ஒரே அம்புல ஆனை, புலி, மானு, பன்னி, உடும்புன்னு அஞ்சையும் சாச்சாருங்க. அவரு என்ன, அம்புக்கு அம்பு முறை வெச்சா எய்தாரு? நல்லாப் பாயற அம்பைத்தானே எடுத்தாரு?” என்று கேட்டார். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஆடி மாதத்தில் விழா எடுத்து, வில்வித்தைப் போட்டியும் பார்த்து மகிழ்கிற ஊரில் இதற்கு மறுமொழி சொல்வது சுலபமல்ல. ஆனாலும் சொன்னேன்: அந்த வேட்டையைப் புறநானூற்றில் பாடிய வன்பரணர், அதே வேட்டுவன், வழியில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு, தன் பெயரைக்கூடச் சொல்லாமல், இறைச்சியும் பொன்னும் அள்ளிக் கொடுத்ததையும் பாடியிருக்கிறார், கொடுப்பதற்கு முன் எவன் நன்றாகப் பாடுகிறவன், எவன் சுருதி தவறுகிறவன் என்று ஓரி பரீக்ஷை வைக்கவில்லை, கடைசியில் மற்றொரு சிற்றரசனான திருமுடிக்காரியோடு நடந்த யுத்தத்தில் ஓரி மாண்டு, மலையும் சேரன் வசமாயிற்று, அப்படியிருந்தும் அவனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகத்தானே கொண்டாடுகிறோம் என்றேன்.

கவுண்டர் சாவகாசமாக வெற்றிலையை மென்று முடித்தார். “குடுக்கறது பொறவு குடுக்கலாமுங்க வாத்தியாரே. மொதல்ல ஆனை சாயோணுமில்லீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இந்த விவாதம் தீராத நிலையிலேயே கீழ்நாட்டில் ஒரு பந்தயத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒருமுறை வெளியே வந்தவன் மறுபடி இறங்கக் கூடாது என்பது விதி. ஆகவே என் நாற்பது நிமிஷக் கணக்கு செல்லாது. சீட்டுக் குலுக்கி ஐந்து ஜோடிகளைச் சேர்த்து, ஜோடியில் ஒருவனுக்கு முன்பாதி, மற்றவனுக்குப் பின்பாதி என்று நிச்சயித்து, அந்தப் பட்டியலின் பிரதியையும் ஏற்றத்து நிமிஷத்துக்கு ஆக்ஷேபித்த அம்மாளிடமே கொடுத்தேன். எவனுக்கு எந்தப் பாதி என்பதை நான் தீர்மானிக்க அவசியமே நேரவில்லை. செம்மேட்டில் பஸ் ஏறிக் காரவள்ளி அடிவாரத்தில் இறங்குவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள் குறுக்கிடுகின்றன; எழுபதாவது வளைவு முடிந்தபோது ஜோடிக்கு ஒருவன் வீதம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தான். அவர்களெல்லாம் பின்பாதிக்குப் போனார்கள்.

சமதளத்தில் ஆடியே பழக்கமில்லாத எங்கள் பிள்ளைகள் சரிவுக்கு உரிய தள்ளுபடி கொடுத்தே உதைத்தார்கள்; பந்துகள் யாவும் கோலுக்கு ஒரு முழம் தள்ளியே போயின. இருந்தும் எங்கள் சிறந்த முன்னணி ஆட்டக்காரன் எப்படியோ ஒன்று போட்டான். இடைவேளையில் கணக்கு 1-1. இப்போது பட்டியலின்படி அவன் வெளியே வர வேண்டும். அவனுக்குப் பதிலாக, பலாப்பழம் கொடுத்த வீட்டுப் பிள்ளை, பஸ்ஸில் கலங்கிய முகம் இன்னும் தெளியாமல், இறங்க வேண்டும். என் மனச்சாட்சி அந்தச் சமயம் பார்த்து எங்கோ வெளியூர் போயிருந்தது. ‘இந்த ஒரு ஜோடியை மட்டும்...’ என்று நினைத்தபடி திரும்பினேன். பட்டியலின் பிரதியோடு அந்தத் தாயார் பந்தயத்துக்கும் வந்திருந்தார். இடுப்பிலிருந்து எடுத்துப் பிரித்தார். ஒரு பார்வை பார்த்தார். மாற்றினேன். 2-1 என்று தோற்றோம். இறங்கிய பையன் பந்தை மூன்றே முறை தொட்டான். அந்த மூன்றின் சரித்திரத்தையும் திரும்பும் வழியில் எழுபது வளைவுகளிலும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தான். வயிறு கலங்கியதாக அப்போது தெரியவில்லை.

நியாயம் என்பதைப் பயிற்சியாளனின் நற்குணத்தில் வைக்கக் கூடாது, இன்னொருவர் கையிலுள்ள காகிதத்தில் வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1964-ல் தோன்றிய ‘அய்ஸோ’ என்னும் சிறுவர் கால்பந்து ஸ்தாபனம், ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆட வேண்டும் என்று விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. நார்வே தேசத்தார் குழந்தைகளின் விளையாட்டுக்கென்று 1987-லேயே விதிகள் வகுத்தவர்கள். பதினோரு வயது வரும்வரை பிள்ளைகளின் பந்தயங்களுக்குப் புள்ளிப் பட்டியலே போடுவதில்லை. இப்படியெல்லாம் செல்லம் கொடுத்தால் ஜயிக்கும் வெறி எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள், அந்தத் தேசத்தில் வளர்ந்த எர்லிங் ஹாலண்டுக்கு எதிரே பின்வரிசையில் நின்றவர்களை விசாரித்துக்கொள்ளலாம். சர்வதேசக் கால்பந்துச் சட்டமும், தேசியச் சம்மேளனம் சம்மதித்தால், சிறுவர் ஆட்டங்களில் வெளியே வந்தவன் மீண்டும் இறங்கலாம் என்று வழிவிட்டே இருக்கிறது.

ஆகையால், பந்தய விதிகளை எழுதும் கனவான்களுக்கு என் விண்ணப்பம்: பதினான்கு வயதுக்கு உட்பட்ட ஆட்டங்களில், பட்டியலில் பேருள்ள ஒவ்வொரு பிள்ளையும் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும், வெளியே வந்தவன் மறுபடியும் இறங்கலாம் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். எங்களைப் போன்ற பயிற்சியாளர்களின் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தால், மலையிலிருந்து வரும் குழுவினர் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகே விசில் ஊத வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.