வேண்டாமுங்க என்றால் வேண்டாம்

வால்பாறையில் யானைகூடச் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு அந்த வழக்கம் கிடையாது.

கேலிக்காகச் சொல்லவில்லை. இங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவேதான் யானைகளின் போக்குவரத்து. இருட்டில் லைன் வீட்டுக்குத் திரும்புகிறவர், எதிரே யானை நிற்பது தெரியாமல் போய்ச் சிக்கியதால் நேர்ந்த சாவுகளே அதிகம். அதைக் கவனித்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் ராக்கெட் எதுவும் விடவில்லை. முதலில் லோக்கல் கேபிள் டி.வி.யில் வரி ஓடவிட்டார்கள். பிறகு எஸ்.எம்.எஸ்., தமிழிலும். படிக்கத் தெரியாதவருக்குக் குரல் அழைப்பு. மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு, செல்போனிலிருந்தே எரியவிடலாம். சாவுகள் குறைந்தன. இந்த வேலைக்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

யானை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே செய்தி போகும். சோலையாறில் நிற்கிற யானைக்காக அட்டகட்டியில் தூங்குகிறவரை எழுப்புவதில்லை. ‘யானை 2.0 தயார், இப்போது பார்க்கிறீர்களா, பிறகு பார்க்கிறீர்களா’ என்று மணிக்கு ஒருதரம் நச்சரிப்பதும் இல்லை. உயிர் போகிற விஷயத்தையே இவ்வளவு அடக்கமாகச் சொல்ல முடிகிறது.

உயிர் போகாத விஷயத்துக்கு வருவோம்.

பார்வையில்லாதவர் கம்ப்யூட்டரைக் காதால் படிக்கிறார். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாசித்துச் சொல்கிறது. அதற்கு ஒரே வாய். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல்லும். நமக்கு அப்டேட் என்பது திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும் ஒரு சின்னப் பெட்டி. கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமல் இருந்துவிடலாம். காதை எந்தப் பக்கம் திருப்புவது?

அவர் பணம் அனுப்புகிறார் என்று வையுங்கள். கணக்கு எண்ணைச் சரிபார்க்கிறார். “ஐந்து, ஏழு, பூஜ்யம், பூஜ்யம், மூ… புதிய பதிப்பு தயாராக உள்ளது! உங்கள் அனுபவத்தை மேலும் சிறப்பாக்க…” எந்தப் பூஜ்யத்தில் நின்றோம்? மறுபடி முதலிலிருந்து. அதற்குள் ஓ.டி.பி. காலாவதி.

இது சாதுவான ரகம். முரட்டு ரகம் ஒன்று உண்டு. பெட்டியே நடுவில் வந்து உட்கார்ந்து கீபோர்டைப் பிடுங்கிக்கொள்ளும். அவர் என்டர் தட்டியது பணம் அனுப்பும் பட்டனுக்கு. அது போய் விழுந்தது ‘இப்போதே ரீஸ்டார்ட் செய்’ பட்டனில். சம்மதித்தமைக்கு நன்றி!

மூன்றாவது ரகம் படித்த ரகம். ஐந்து வினாடி பேசிவிட்டு மறைந்துவிடும். விண்டோஸில் அறிவிப்புப் பெட்டிக்கு விதித்த ஆயுள் இயல்பாக அவ்வளவுதான். “இன்று இரவு உங்கள் கம்ப்யூட்டர்…” என்பதுவரை காதில் விழும். இன்று இரவு என்ன? வெடிக்குமா? செட்டிங்கில் போய் அந்த ஆயுளை ஐந்து நிமிடம் வரை நீட்டலாம், வாஸ்தவம். அப்படியொரு செட்டிங் இருக்கிறது என்பதற்கு மட்டும் எந்த அறிவிப்பும் வராது.

சரி, ஒருவழியாக அப்டேட் ஆகிவிட்டது. என்ன மாறியது? ‘வழுக்கள் நீக்கப்பட்டன, செயல்திறன் மேம்பட்டது.’ உலகத்திலேயே அதிகம் அச்சான புளுகு இதுவாகத்தான் இருக்கும். நேற்றுவரை ‘பணம் அனுப்பு, பட்டன்’ என்று வாசித்த இடத்தில் இன்று ‘லேபிள் இல்லாத பட்டன்’ என்கிறது ஸ்கிரீன் ரீடர். அடுத்ததும் லேபிள் இல்லாத பட்டன். அதற்கடுத்ததும். யாரோ ஒரு டிசைனர் பட்டனை அழகாக்கியிருக்கிறார். அழகு கண்ணுக்கு, பெயர் காதுக்கு. பெயர் வைக்க மறந்துவிட்டார்.

கோவையில் இருப்பவருக்கு இது ஓர் எரிச்சல். மலையில் இருப்பவருக்கு ஒரு நாள் பிழைப்பு. இங்கே செல்போனில் சிக்னல் வந்தால் அன்றைக்கு விசேஷம். அந்தச் சிக்னலில், நாள் கணக்குப் பார்த்து வாங்கிய டேட்டாவில், ஜி.பி. கணக்கில் இறங்குகிறது யாரும் கேட்காத ‘சிறப்பான அனுபவம்’. பாதியில் நின்றுபோய்க் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டால், ஸ்கிரீன் ரீடரை நம்பி இருப்பவருக்குத் திரையும் போயிற்று, வாயும் போயிற்று. உள்ளூரில் சரிசெய்ய ஆள் கிடைக்காவிட்டால், 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சிக்கு ஒரு பயணம். பஸ் டிக்கெட்டை எந்தக் கம்பெனிக்கு அனுப்பி வைப்பது?

தொழில்நுட்பம் இன்னும் அவ்வளவு வளரவில்லை என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2014-லேயே ஏரியா என்ற தரத்தை இறுதி செய்துவிட்டது. ஓர் அறிவிப்பை அதில் ‘பொலைட்’ என்று குறித்தால், பேசிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு ஸ்கிரீன் ரீடர் அதைச் சொல்லும். ‘அஸர்ட்டிவ்’ என்று குறித்தால் நடுவில் வெட்டிக்கொண்டு சொல்லும். இரண்டாவது, தாமதித்தால் கெட்டுப்போகும் அவசரத்துக்கு மட்டும். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் எமோஜி வரிசையில் புதிதாக ஒரு பூசணிக்காய் சேர்ந்திருப்பதும் அவசரம்தான் என்று எங்கோ ஏ.சி. அறையில் கூடி முடிவெடுத்துவிடுகிறார்கள்.

அதே டபிள்யூ3சி, 2008 டிசம்பரில் வெளியிட்ட அணுகல்தன்மை விதிகளில் 2.2.4 என்று ஒன்று உண்டு. அவசரநிலை தவிர மற்ற குறுக்கீடுகளைத் தள்ளிவைக்கவோ நிறுத்தவோ பயனரால் முடிய வேண்டும். அருமையான விதி. எங்கே வைத்தார்கள்? ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படி, இது மூன்றாவதில். நம் மத்திய அரசின் இணையதள வழிகாட்டியும் ஏஏ வரைதான் கேட்கிறது. ஆக, குறுக்கே பேசாமல் இருப்பது விருப்பப் பாடம். எழுதினால் எழுதலாம்.

பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வேண்டும்தான். யார் மறுத்தார்கள்? ஆனால் அந்தச் சாக்கில் எல்லாமே நுழைகிறது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் செய்ததை நினைத்துப் பாருங்கள். ‘விண்டோஸ் 10-க்கு மாறுங்கள்’ என்று ஒரு பெட்டி வந்தது. எல்லோரும் எக்ஸ் குறியை அழுத்தி மூடினார்கள். மூடியதையே சம்மதமாக எடுத்துக்கொண்டது கம்பெனி! கதவைச் சாத்தினால் ‘உள்ளே வரச் சொன்னீர்கள்’ என்று வந்து உட்காருகிற விருந்தாளி. ஊர் உலகம் கத்திய பிறகுதான் ‘வேண்டாம்’ என்று தெளிவாக ஒரு வழி வைத்தார்கள். அனுமதியில்லாமல் இறங்கிய இந்த அப்டேட் தன் கம்ப்யூட்டரைக் கெடுத்து வியாபாரத்தையும் கெடுத்தது என்று கலிஃபோர்னியாவில் ஒரு டிராவல் ஏஜென்ட் வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். கண் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி.

இத்தனைக்கும் அதே கம்பெனிக்கு விஷயம் தெரியும். இலவசமாக மாறும் கெடு பொதுமக்களுக்கு 2016 ஜூலை 29. ஸ்கிரீன் ரீடர் போன்ற உதவிக் கருவிகளை நம்பியவர்களுக்கு 2018 ஜனவரி 16 வரை. இவர்களுக்குக் கூடுதல் அவகாசம் வேண்டும் என்று தெரிந்துதானே கொடுத்தார்கள்? ஒன்றரை வருடத்துக்குப் புரிந்தது ஒன்றரை நிமிடத்துக்கு ஏன் புரியவில்லை?

காசு கேட்காத இடத்தில் கதை வேறு. என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் எழுதத் தொடங்கினார். பிறகு ஒரு நண்பரும் சேர்ந்துகொண்டார். இருவருக்குமே பார்வை இல்லை. அதற்கும் அப்டேட் வரும். வந்தால் கேட்கும். தள்ளிவைக்கச் சொன்னால் தள்ளிவைக்கும். புதிய பதிப்போடு ஒத்துப்போகாத துணைநிரல்கள் இருந்தால், நிறுவுவதற்கு முன்பே எச்சரிக்கும். நன்கொடையை நம்பி ஓடுகிற மென்பொருளுக்கு இருக்கிற நாகரிகம், லட்சக்கணக்கான கோடியில் புரள்கிற கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லையாம்.

அரசாங்கம் என்ன செய்கிறது? அது விழா எடுக்கிறது. 2015 டிசம்பர் 3-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக ‘சுகம்ய பாரத்’ என்று ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மின்னணு ஊடகமும் சேவைகளும் எல்லோருக்கும் எட்டவேண்டும் என்று அதில் அழகாக எழுதியிருக்கிறது. கட்டாயத் தரம் எது? அதைச் சொல்லும் விதியைப் பரிந்துரையாக வைத்திருக்கிறீர்களே என்று 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் கேட்டு, அந்த விதியையே செல்லாது என்றது. கட்டாயத் தரம் வகுக்க மூன்று மாதக் கெடுவும் வைத்தது. 2025 ஏப்ரல் 30-ல் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலாவும் ஆர்.மகாதேவனும் இன்னொரு தீர்ப்பு கொடுத்தார்கள். ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்த பெண்ணிடம் வங்கியின் கே.ஒய்.சி. ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று கேட்ட வழக்கு அது. டிஜிட்டல் சேவை எட்டுவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றார்கள்.

வாழ்வுரிமையின் விலை என்ன தெரியுமா? 2016 சட்டத்தை முதல்தரம் மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை. கம்பெனிக்காரரின் மேஜைமேல் கிடக்கும் செல்போன் அதைவிட விலை.

இந்த நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அது 2011-ல் எண்ணியது. அடுத்து 2021-ல் எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. கால்குலேட்டர் ஆப்புக்குக்கூட மாதம் ஓர் அப்டேட் வருகிற தேசத்தில், குடிமக்கள் கணக்குக்கு ‘பிறகு நினைவூட்டு’ அழுத்திவிட்டார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பேசி முடிக்கும்வரை பொறு. கீபோர்டைத் தொடாதே. எவ்வளவு டேட்டா, எத்தனை நிமிடம், ரீஸ்டார்ட் ஆகுமா என்பதை முதலிலேயே சொல். ஒருதரம் சொல், தவறவிட்டால் தேடிக் கேட்க ஓரிடத்தில் வை. ‘இப்போது’, ‘பிறகு’ என்ற இரண்டு பட்டனோடு, வேண்டாமுங்க என்று சொல்ல மூன்றாவதாக ஒன்றும் வை. வெளியிடுவதற்கு முன், சம்பளம் கொடுத்து, பார்வையில்லாத ஒருவரிடம் தட்டிப் பார்க்கக் கொடு. மே மாதம் அணுகல்தன்மை நாளுக்குப் போடும் விளம்பரக் காசில் பாதி போதும்.

வாசகரே, உங்களுக்கும் ஒரு வேலை. இன்று இரவு உங்கள் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடரை ஆன் செய்து, திரையைப் பார்க்காமல் உங்கள் வங்கி ஆப்பைத் திறங்கள். எத்தனை பட்டனுக்குப் பெயர் இல்லை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைப் பிளே ஸ்டோரில் எழுதி, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுங்கள். அவர்கள் ‘பிறகு’ என்று தள்ளிவைக்காத அறிவிப்பு அது ஒன்றுதான்.