முக்கால் டன் மனிதர்

அமெரிக்காவின் டெக்சாஸ், ஒக்லஹோமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் கனரக பிக்கப் வண்டிகளை ஓட்டுவோருள், அவற்றை ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுவதையே பிறவிப் பயனாகக் கொண்ட ஓர் இனம் உண்டு. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவர்லே சில்வராடோ 2500 ஆகிய மூன்றும் அவ்வினத்தாரின் மும்மதங்கள். சுமைத்திறன் கருதி 'முக்கால் டன்' வண்டிகள் என்று முன்னாளில் பெயர் பெற்ற இவை, இன்று அதைவிட மிகுதியாகச் சுமக்க வல்லவை என்றாலும், பெரும்பாலான நாள்களில் உரிமையாளரையும் அவருடைய காப்பிக் குவளையையும் மட்டுமே சுமந்து செல்கின்றன.

ஒப்பீட்டின் முடிவு, ஒப்பீடு தொடங்குமுன்பே, பலருக்குத் தந்தையின் காலத்திலேயே ஆயத்தமாகிவிட்டது. ஃபோர்டு அன்பர் 7.3 லிட்டர் டீசல் எஞ்சினின் காலத்தைப் பொற்காலம் என்பார். அதற்குப்பின் 2003-இல் வந்து, சிலிண்டர் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் தாங்காமல் பெயர் கெட்ட 6.0 லிட்டர் எஞ்சினைப் பற்றிக் கேட்டால், அது நேவிஸ்டார் நிறுவனம் செய்து கொடுத்தது, ஃபோர்டின் குற்றமன்று என்பார். 7.3 லிட்டரையும் அதே நேவிஸ்டார்தான் செய்து கொடுத்தது. வரலாற்றின் அந்தப் பகுதி மட்டும் அவர் நினைவில் தங்குவதில்லை. ராம் அன்பரோ, தம் வண்டிக்கு டாட்ஜ் என்ற பெயர் இருந்த 1989 முதல் அதில் இடம்பெற்ற, ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் கம்மின்ஸ் எஞ்சினுக்கு அழிவே இல்லை என்று சாதிப்பார். கியர்பாக்ஸ் இருமுறை மாற்றப்பட்டதையும் கதவடியில் துரு ஏறியதையும் சுட்டினால், பேச்சு எஞ்சினைப் பற்றியது என்று நினைவூட்டுவார். செவர்லே அன்பரிடம் தொடக்க கால டியூராமேக்ஸ் எஞ்சினின் எரிபொருள் இன்ஜெக்டர்களைப் பற்றிக் கேட்டால், ஆலிசன் கியர்பாக்ஸின் பெருமை விடையாகக் கிடைக்கும். தம் வண்டிக்கு நேர்ந்தது பராமரிப்பு, பிறர் வண்டிக்கு நேர்ந்தது பழுது என்னும் இப்பாகுபாட்டில் மூவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

பயண சுகம் இன்னும் நுட்பமானது. பாரம் தாங்குவதற்காக அடுக்குப் பட்டைகளால் ஆன விறைப்பான வில்கள் பின் அச்சில் பொருத்தப்படுவதால், காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். சுமை ஏறினால்தான் அடங்கும். இத்துள்ளலை உழைப்பாளி வண்டியின் இலக்கணம் என்று போற்றி, 2014-இல் ராம் 2500-இன் பின்புறத்துக்குச் சுருள்வில் வந்ததை நகரத்தாரின் மென்மை என்று பழிப்பவர், அதைச் சொல்லும்போது சூடேற்றப்பட்ட தோல் இருக்கையில் சாய்ந்திருப்பார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

எரிபொருள் சிக்கனத்தில் அவருடைய வாக்குக்குச் சட்டமே துணை நிற்கிறது. வண்டியும் சுமையும் சேர்ந்து எட்டலாம் என்று தயாரிப்பாளர் வரையறுக்கும் எடை 8,500 பவுண்டைத் தாண்டினால், அந்தப் பிக்கப்பில் மைலேஜைக் காட்டும் அரசுச் சீட்டு ஒட்ட வேண்டியதில்லை என்பது அமெரிக்க விதி. எனவே, சரிவான சாலையில் பின்காற்று வீசிய ஒரு நாளின் கணக்கை வைத்துக்கொண்டு, கேலனுக்கு 20 மைல் என்று அவர் அறிவிக்கும்போது மறுக்க எந்த எண்ணும் இல்லை. எதிரே நிற்பவரும் மறுப்பதில்லை, தம் வண்டி 22 தருகிறது என்று மட்டும் சொல்லிவைப்பார்.