பத்து கிராமுக்குச் சேதாரம்

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று சீட்டில் எழுதி நீட்டும்போது வாய் திறக்காமல் பணத்தை எண்ணி வைப்பவன் நான். அப்படிப்பட்டவனைப் பத்து கிராம் ஆப்ப சோடாவுக்குச் சேதாரக் கணக்குப் பார்க்க வைத்துவிட்டாள் என் மகள்.

பதினொன்றாம் வகுப்பில் வேதிக் கணக்கீடு பாடம். ‘ஸ்டாய்க்கியோமெட்ரி’ என்று அவள் சொன்னதும் ஏதோ கண் நோய் என்று பதறிப்போனேன். 1792-இல் ரிக்டர் என்ற ஜெர்மன்காரர் வைத்த பெயராம். எது எத்தனை கிராம் போட்டால் எது எத்தனை கிராம் வரும் என்கிற மளிகைக் கணக்குதான். கடன் சொல்ல முடியாது, அவ்வளவே.

“சோடாவைச் சூடாக்கினா கொஞ்சம் பறந்துடும்பா. கிண்ணத்துல மிச்சம் இருக்கிறது யாருன்னு எடையை வச்சே கண்டுபிடிக்கலாம்.”

மூன்று பேர் மேல் சந்தேகம். பத்து கிராம் சோடாவில் மிச்சம் 6.3 கிராம் என்றால் அது சலவைச் சோடா. 4.8 என்றால் காஸ்டிக் சோடா. 3.7 என்றால் சோடியம் ஆக்ஸைடு. முதல் ஆசாமிக்கான கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். இரண்டு மோல் ஆப்ப சோடா 168 கிராம். அது 106 கிராம் சலவைச் சோடாவாகவும், 18 கிராம் தண்ணீராகவும், 44 கிராம் கரியமில வாயுவாகவும் பிரியும். கூட்டிப் பார்த்தேன், மறுபடியும் 168. ‘இதர செலவு’ என்று ஒரு வரிகூட இல்லை. என் சம்பளக் கணக்கு ஒரு மாதமாவது இப்படி நேர்பட்டதுண்டா?

மனைவி கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம். கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசு, ஒரு எவர்சில்வர் கிண்ணம், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சோடா டப்பா. அடுப்பை ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைப் பொடி, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே, கஞ்சி மாதிரி தளபுள என்று கொதித்தது! அடியிலிருந்து வாயு முட்டிக்கொண்டு வருகிறதாம். மேலே பிடித்த தட்டில் நீர் முத்துமுத்தாக அரும்பியது. இத்தனை வருடம் பஜ்ஜி உப்பியதற்கு அந்த வாயுவும் ஒரு காரணம் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஐந்தே நிமிடத்தில் பொறுமை இழந்து இறக்கினேன். 7.6. “வேகலை” என்றாள் மகள். இரண்டாம் தடவை நன்றாகக் கிளறிக் கிளறி வறுத்தேன். 5.6. மூன்று பேரில் யாருக்கும் பொருந்தாத எடை. புதிய உப்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன், அதற்கு என் பெயரை வைப்பார்கள் என்ற நினைப்பில் நெஞ்சு நிமிர்ந்தது. மகள் என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அதில் அப்பியிருந்தது கொஞ்சம். பிறகு தலைக்கு மேல் சுழன்ற ஃபேனைப் பார்த்தாள். மீதி என் மீசையில் இருந்தது.

மூன்றாம் தடவை ஃபேன் கிடையாது, கரண்டி கிடையாது. சூடாக்கு, ஆறவை, எடை போடு. மறுபடி சூடாக்கு, எடை குறைவது நிற்கும் வரை. வியர்வையில் நான்தான் ஒரு கிலோ குறைந்திருப்பேன். கடைசி இரண்டு முறையும் தராசு 6.3-லேயே நின்றது.

“எடை மட்டும்தானேப்பா. இன்னொரு சாட்சி இருந்தா நல்லா இருக்கும்” என்று முணுமுணுத்தபடி நோட்டை மூடினாள்.

டப்பா காலியாகியிருந்தது. வறுத்ததை எறிய மனசு வரவில்லை. வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அதிலேயே கொட்டி மூடிவைத்தேன்.

மறுநாள் மாலை மாமியார் வாழைக்காய் பஜ்ஜி போட்டார். ஒன்றுகூட வழக்கம்போல் உப்பவில்லை. ஒரு கடி கடித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளே, துணி சோடா மாதிரி காரலா இருக்கு?”

மகள் எழுந்து ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தாள். ‘முடிவு’ என்பதற்குக் கீழே எழுதினாள்: ‘மிச்சம் சலவைச் சோடாவேதான். பாட்டியும் உறுதி செய்தார்.’