நரி மாமாவின் மனுக்கள்

செவ்வாய்க்கிழமை நம் ஊரில் பலர் பெண் பார்க்கப் போவதில்லை, புதுக் கணக்குத் தொடங்குவதில்லை, முடிகூட வெட்டிக்கொள்வதில்லை. பயர்பாக்ஸ் உலாவியின் புதிய பதிப்பு மட்டும் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பார்த்து வைத்தாற்போலச் செவ்வாய்க்கிழமையில் வெளிவருகிறது. "அப்புறம் எப்படி வெளங்கும்?" என்பார் நரி மாமா.

நரி மாமா என்று நான் சொல்வது ஒரு ஆளை அல்ல, ஒரு இனத்தை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். டிடிபி கடை வைத்திருப்பார், அல்லது வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியிருப்பார், அல்லது கல்லூரி லேபைத் திறந்து பூட்டும் பொறுப்பில் இருப்பார். தெருவே குரோமில் இருக்க, அவர் மட்டும் பயர்பாக்ஸில் இருப்பார். லேப்டாப் மூடியில் ஒட்டியிருக்கும் உருண்டை நரிப் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. மற்றபடி நரித்தந்திரம் எதுவும் அவரிடம் கிடையாது. இருந்திருந்தால், குரோம் வந்த 2008-லேயே அதற்கு மாறி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அவருடைய பக்தி பழையது. 2004 டிசம்பரில் பயர்பாக்ஸ் அபிமானிகள் தாங்களே காசு போட்டு நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார்கள். கொடுத்த சுமார் பத்தாயிரம் பேரின் பெயர்கள் பொடி எழுத்தில் அதில் இருந்தன. மாமா பெயர் இல்லை. அப்போது அவரிடம் இருந்தது ஒரு டயல்-அப் இணைப்பும் டாலர் அனுப்பத் தெரியாத சேமிப்புக் கணக்கும்தான். ஆனாலும் "நாங்க விளம்பரம் கொடுத்தப்போ..." என்றுதான் பேச்சைத் தொடங்குவார். 2008 ஜூனில் பயர்பாக்ஸ் 3 வெளியானபோது ஒரே நாளில் எண்பது லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டு, கின்னஸில் ஏறியது. அந்த எண்பது லட்சத்தில் ஒன்று மாமாவுடையது. பங்கெடுத்தவர்களுக்குக் கிடைத்த சான்றிதழை லேமினேட் செய்து, மகளின் பரதநாட்டியச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

அதே பயர்பாக்ஸ் 3-தான் அவருக்கு முதல் மனஸ்தாபத்தையும் கொடுத்தது. முகவரிப் பட்டையில் இரண்டு எழுத்து தட்டினால் போதும், நாம் முன்பு பார்த்த பக்கங்களின் தலைப்புகளையெல்லாம் துழாவிக் கொண்டுவந்து கொட்டும் வசதி அதில்தான் வந்தது. "நான் முகவரி கேட்டா இது என் ஜாதகத்தையே வாசிக்குதே" என்று மாமா குதித்தார். அவர் ஒருவர் மட்டும் இல்லை. பழைய பட்டையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஆட்-ஆனே எழுதினார்கள். மாமாவும் போட்டுக்கொண்டார். பிறகு எப்போதோ அதைக் கழற்றிவிட்டார். இன்றைக்கு அந்தப் பட்டையில் கை வைத்தால் உண்ணாவிரதம் இருப்பார். ஏனென்றால் எந்தத் தளத்தின் முகவரியும் அவருக்கு நினைவில் இல்லை.

2014-ல் 29-ஆம் பதிப்பு வந்தது. டேப்களின் ஓரம் வளைந்துவிட்டது. "குரோமைப் பார்த்துக் காப்பி அடிச்சுட்டானுங்க!" உடனே கிளாசிக் தீம் ரெஸ்டோரர் என்ற ஆட்-ஆனைப் போட்டுப் பழைய முகத்தை வரவழைத்தார். 2017-ல் 57-ஆம் பதிப்பு. வேகம் நிஜமாகவே கூடியது, டேப்கள் சதுரமாயின, பழைய வகை ஆட்-ஆன்கள் ஒட்டுமொத்தமாகச் செத்தன, கிளாசிக் தீம் ரெஸ்டோரர் உட்பட. மாமா கேட்டது வேகத்தைப் பற்றி அல்ல. "அந்த வளைவு எவ்வளவு லட்சணமா இருந்துச்சு, அதை ஏன்யா எடுத்தே?" 2021-ல் 89-ஆம் பதிப்பில் டேப்கள் கீழே ஒட்டாமல் மிதக்க ஆரம்பித்தன. "இது டேபா, பட்டனா? சதுரமா லட்சணமா இருந்ததே!" வரும்போது பகையாளியாக இருந்த ஒவ்வொன்றும் போகும்போது பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது.

இந்த இடத்தில் உலாவிக்கு மாமா கொடுத்த விலையைச் சொல்லவேண்டும். சைபர். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மண்டபச் செலவு அவர்களுடையதல்ல, ஆனால் டிகாக்ஷன் தண்ணியாக இருக்கிறது, ரூமில் பக்கெட் இல்லை, பந்தியில் இரண்டாம் பாயசம் வரவில்லை. மாமா அந்த ரகம். இந்தக் கல்யாணச் செலவில் பெரும்பகுதியைக் கொடுப்பது, வேடிக்கையைப் பாருங்கள், குரோமை வைத்திருக்கும் கூகுள். பயர்பாக்ஸில் தேடுபொறியாகத் தானே முன்னால் நிற்கவேண்டும் என்பதற்காக அது கொடுக்கும் பணம்தான் பயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லாவின் முக்கிய வருமானம். மாமா அந்தத் தேடுபொறியையும் முதல் நாளே மாற்றிவிட்டார்.

மனு போடுவது அவருக்குக் கைவந்த கலை. மொஸில்லாக்காரர்களிடம் 1998-லிருந்து பக்ஸில்லா என்ற பதிவேடு இருக்கிறது. குறை சொல்ல வருகிறவரிடம் அது மூன்று கேள்வி கேட்கும்: என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது? மாமாவின் பதில்கள் கச்சிதமானவை. செய்தது: திறந்தேன். எதிர்பார்த்தது: நேற்று இருந்த மாதிரி இருக்கும் என்று. நடந்தது: இல்லை.

மனு எப்படி முடியும் என்பதிலும் தரவரிசை உண்டு. 'டூப்ளிகேட்' என்று முத்திரை விழுந்தால் மாமாவுக்கு லேசான வருத்தம். தன் குறையைத் தனக்கு முன்பே எவனோ ஒருவன் சொல்லிவிட்டான். 'வோன்ட்-ஃபிக்ஸ்' என்று வந்தால் கோபம் வரும், ஆனால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. படித்துப் பார்த்துத்தான் மாட்டேன் என்கிறான். தாங்கமுடியாதது 'வொர்க்ஸ்-ஃபார்-மீ'. "எங்கிட்ட நல்லாத்தானே ஓடுது" என்று முகம் தெரியாத ஒருவன் சொல்லிவிட்டால் மாமா அன்று இரவு சாப்பிடமாட்டார். மாமி தோசை மாவை ஃபிரிட்ஜில் திருப்பி வைப்பாள்.

ஆனால் மாமா சொன்னதெல்லாம் வெட்டி வம்பு என்று நினைத்துவிடாதீர்கள். பயர்பாக்ஸ் 2 காலத்தில் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பத்தியின் இரண்டு ஓரமும் சமமாக இருக்கும்படி யாராவது வடிவமைத்திருந்தால் தீர்ந்தது கதை. கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்தெல்லாம் உதிர்ந்து கிடக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அதே பக்கம் ஒழுங்காகத் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல். ஓரங்களைச் சமன் செய்ய எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைத் திணிக்கும்போது, கொம்பும் ககரமும் காலும் சேர்ந்தால்தான் ஒரு எழுத்து என்பது உலாவிக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் மட்டும் படிக்கிறவனுக்கு இது கண்ணில் படவே படாது. அப்போது தமிழர்களும் மற்ற இந்திய மொழிக்காரர்களும் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். எழுத்தை அமைக்கும் முறையையே மாற்றிக்கொண்டு வந்த பயர்பாக்ஸ் 3-ல்தான் அந்தப் பிணி தீர்ந்தது. கத்தியவர்களில் நரி மாமாக்கள் நிறைய. பேசாமல் எக்ஸ்புளோரருக்குப் போய்விட்டவர்களால் அந்த நோய்க்கு மருந்து கிடைக்கவில்லை.

குறைகள் தீர்ந்த நாட்களில் வரம் கேட்பார். கேட்பது எப்போதும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மிகச் சின்னது. "ஒரே ஒரு டிக் பெட்டி வைக்கட்டும். வேணும்கிறவன் டிக் பண்ணிக்கறான், வேண்டாம்கிறவன் விட்டுடறான். ஒரு பெட்டி வைக்கிறதுல கம்பெனி முழுகியா போயிடும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பத்து பேருக்குப் பத்துப் பெட்டி வைத்தால் 1,024 விதமான பயர்பாக்ஸ் ஆகிவிடும், அத்தனையையும் ஒருவர் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது மாமாவின் கணக்கில் வராது. இருந்த பெட்டியையும் எடுத்த கதை ஒன்று உண்டு. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தும் டிக் பெட்டி முன்பு அமைப்புகளில் எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. தெரியாமல் அதை எடுத்துவிட்டு "எந்த சைட்டும் வேலை செய்யலை" என்று நிற்பதற்கு ஆள் இருக்கும் என்பதால், 2013-ல் 23-ஆம் பதிப்பில் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். எழுத்துகளைக் கண்சிமிட்டவைக்கும் பிளிங்க் குறியும் அதே பதிப்பில்தான் செத்தது. அதற்கும் மாமா துக்கம் அனுஷ்டித்தார். பாவம், அந்த ஒரு மரணத்துக்கு அவரைத் தவிர யாரும் வரவில்லை.

பெட்டி போனால் என்ன, அபவுட்-கான்ஃபிக் இருக்கிறது. உலாவியின் அத்தனை திருகுகளும் பட்டியலாக இருக்கும் அந்த அறைக்குள் நுழையும்போது முன்பெல்லாம் ஒரு எச்சரிக்கை வரும்: இதனால் உங்கள் வாரன்டி செல்லாமல் போகலாம். ஓசியில் வந்த சாமானுக்கு வாரன்டி! கீழே ஒரு பட்டன்: ஜாக்கிரதையாக இருப்பேன், சத்தியம். மாமா சத்தியம் செய்துவிட்டு உள்ளே போய் ஜாக்கிரதை இல்லாமல் எல்லாவற்றையும் திருகிவிட்டு வருவார். அடுத்த வாரம் ஏதாவது ஒன்று ஓடாது. அது மொஸில்லாவின் தவறு.

பேக்ஸ்பேஸ் விஷயத்தில் மட்டும் நியாயம் எந்தப் பக்கம் என்று எனக்கே குழப்பம். அந்தச் சாவியை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. படிவத்தில் மும்முரமாக எதையோ அடித்துக்கொண்டிருப்போம்; கர்சர் கட்டத்தை விட்டு நழுவியிருப்பது தெரியாது; ஒரு எழுத்தை அழிக்கப் போனால் அடித்தது அத்தனையும் அழிந்து முந்தைய பக்கத்தில் நிற்போம். ரயில் டிக்கெட் படிவத்தில் இப்படி ஆனபோது மாமா உலாவியைச் சபித்தார். குரோம் 2016-லும் பயர்பாக்ஸ் 2021-லும் அந்த வழக்கத்தை நிறுத்தின. "இருபது வருஷமா விரல் பழகிக்கிடக்கு, யாரைக் கேட்டு எடுத்தே?" என்று மறுபடியும் சபித்தார். இரண்டு சாபமும் ஒரே வாயிலிருந்து வந்தவை; இரண்டும் உண்மை.

"அப்பா, பேசாம குரோம் போட்டுத் தரட்டுமா?" என்று பெங்களூரிலிருந்து வரும் மகன் கேட்பான்.

"போடு. இன்னிக்கே போடு. எனக்கும் வெறுத்துப்போச்சு."

போட்டுவிட்டு ஊருக்குப் போவான். மறுநாள் மாமா குரோமைத் திறப்பார்; அமைப்புகளைப் பார்ப்பார்; "இதுல மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லையேடா!" என்று மூடிவிடுவார். 2024-லிருந்து குரோம் தன் ஆட்-ஆன் விதிகளை மாற்றி யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை வெளியேற்றத் தொடங்கியதும், அவர் தெருமுனையில் நின்று எல்லாரிடமும் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்." அவர் அப்போது சொன்னது வேறு எதையோ.

அவருக்குக் கொள்கை ஒன்று உண்டு: தன்னை யாரும் கவனிக்கக் கூடாது. பயர்பாக்ஸை நிறுவியதும் அவர் முதலில் செய்வது, எந்த வசதியை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று மொஸில்லாவுக்குக் கணக்கு அனுப்பும் அந்த டிக்கை எடுப்பதுதான். "என் வீட்ல என்ன சமையல்னு அவனுக்கு எதுக்கு?" சரி. ஆனால் எந்த வசதியை வைப்பது, எதைத் தூக்குவது என்று முடிவெடுக்க அவர்கள் பார்ப்பது அந்தக் கணக்கையும்தான். அபூர்வ வசதிகளைத் தேடிப்பிடித்துப் பயன்படுத்துகிறவர்கள் யார்? மாமாக்கள். கணக்கில் வராமல் ஒளிந்துகொள்கிறவர்கள் யார்? அதே மாமாக்கள். ஆக, மாமா உயிராக நினைக்கும் பட்டனை உலகத்தில் யாருமே தொடுவதில்லை என்று அங்கே பதிவாகிறது.

2011-ல் பயர்பாக்ஸ் 4-ல் டேப்களைக் குழு குழுவாகப் பிரித்துவைக்கும் வசதி வந்தது. வேலைக்கு ஒரு குழு, பங்குச் சந்தைக்கு ஒரு குழு, மாமி கேட்ட பட்சணத்துக்கு ஒரு குழு என்று மாமா குடும்பம் நடத்தினார். பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்று 2016-ல் 45-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பயனர்கள் கேட்ட வரங்களில் முன்வரிசையில் நின்றது எது? டேப் குழுக்கள். 2025 ஏப்ரலில் 138-ஆம் பதிப்பில் புது வசதியாகத் திரும்பி வந்தது. மாமா திறந்து பார்த்தார். "பழசு மாதிரி இல்ல" என்றார்.

2021-ல் இன்னொன்று. மெனுவையும் டேப்களையும் நெருக்கிவைக்கும் 'காம்பாக்ட்' முறையை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அது கண்ணில் படுவது கடினம், பயன்படுத்துகிறவர்களும் குறைவாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறோம் என்றார்கள். நினைக்கிறார்களாம்! மாமாக்கள் திரண்டார்கள், மனுக்கள் பறந்தன, மொஸில்லா கொஞ்சம் இறங்கி வந்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் அபவுட்-கான்ஃபிக்கில் போய்த் திருகுகிறவர்களுக்கும் அது கிடைக்கும், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் 'ஆதரவு இல்லை' என்று எழுதியிருக்கும். மாமாவுக்கு அதில் அவமானம் ஒன்றும் தெரியவில்லை. தன் முகத்துக்கே எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கிறது என்று பெருமையாகக் காட்டுகிறார்.

எனவே நரி மாமாக்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். மனு போடுங்கள், குறைக்கவே வேண்டாம். 2002-ல் ஒருவர் பதிந்துவைத்த ஒரு சின்னக் குறை, வேறு ஜன்னலுக்குப் போன பிறகும் திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் விளக்கக் குறிப்பு, 2023-ல் சரிசெய்யப்பட்டது. இருபத்தொரு வருஷம் ஆனாலும் பதிவேட்டிலிருந்து யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை. ஆனால் அந்தக் கணக்கு அனுப்பும் டிக்கை மட்டும் ஒரு முறை போட்டுவிடுங்கள். அதில் நீங்கள் பார்க்கும் பக்கங்களின் பட்டியல் போகாது, எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்பதுபோன்ற விவரம்தான் போகும். போடமாட்டீர்கள் என்றால், அடுத்த பட்டன் காணாமல் போகும் அன்று டீக்கடையில் என் பெஞ்சில் வந்து உட்காராதீர்கள்.